ஃபிரிஜ்ஜைக் கட்டிய பெல்ட்

பெயர்: பதினெட்டு வயது நிறையாதவர் என்பதால் தனித்தாளில் குறிக்கப்பட்டுள்ளது. வயது: 17. படிப்பு: எட்டாம் வகுப்போடு நின்றவர். தொழில்: கார் சீட் தைப்பது. முகவரி: மேம்பாலத்துக்குக் கீழே உள்ள கார் சீட் பட்டறையின் மாடி அறை. காயம்பட்டவருக்கு உறவு: உடன்பிறந்த தங்கை. உடனிருப்பவர்: தாயார்.

நான் மேற்படி முகவரியில் அம்மாவுடன் குடியிருந்து வருகிறேன். கீழே உள்ள பட்டறை என் சித்தப்பாவுடையது. அப்பா இறந்த பிறகு பள்ளிக்கூடத்தை விட்டு நின்று அங்கே தையல் மெஷினில் வேலை செய்கிறேன். எனக்கு யாரிடமும் பேசிப் பழக்கமில்லை. பட்டறைக்கு ஆள் வந்தால் மெஷினுக்குப் பின்னால் குனிந்துகொள்வேன். இதை முதலிலேயே சொல்லக் காரணம், நான் வாயைத் திறக்க மாட்டேன் என்ற நம்பிக்கையில்தான் காரின் பெல்ட்டை நான் கழற்றியதாக இந்தப் பழி என் தலையில் கட்டப்பட்டுள்ளது.

என் அக்காவின் கணவர், அதாவது என் அத்தான், பழைய ஃபிரிஜ்களைப் பழுது பார்த்து விற்கும் ஒரு கடைக்காக அவற்றை வீடுகளில் கொண்டுபோய் இறக்கும் வேலை செய்கிறார். சரக்கு வண்டி வைக்காமல், தன் சொந்தக் காரிலேயே ஏற்ற வேண்டும் என்று காரைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். "பின்சீட்டை எடுத்துட்டு டிக்கியையும் உள்ளையும் ஒண்ணாக்கிடுங்க மாமா, ஃபிரிஜ் காலை நீட்டிப் படுக்கணும்" என்றார். அதற்குச் சித்தப்பா, "அப்போ எங்க பொண்ணு எங்க மாப்ள உக்காரும்?" என்று கேட்டார். "ஃபிரிஜ்ஜுக்குள்ள உக்காரட்டும், இந்த வெயிலுக்குச் சில்லுன்னு இருக்கும்" என்றார் அத்தான். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அக்கா ஏன் அந்தக் காரில் போக வேண்டும் என்றால், மாடிப்படியில் ஃபிரிஜ்ஜைத் தூக்கும்போது மறுமுனையைப் பிடிக்க அத்தான் வேறு ஆள் வைத்துக்கொள்ளவில்லை. அக்காதான் பிடிப்பார்.

அதன் பிறகு சித்தப்பா பின்சீட்டின் சாய்வைக் கழற்றி, அதற்கும் டிக்கிக்கும் நடுவில் இருந்த தகட்டை அறுத்தெடுத்து, தரை சமமாக வரும்படி பலகை போட்டார். ஓட்டுநருக்குப் பக்கத்துச் சீட்டை முன்னால் தள்ளி மடக்கிவிட்டால் ஃபிரிஜ் நீளமாகப் படுக்கும். ஓட்டுநருக்குப் பின்னால் மட்டும் ஒரு ஆள் உட்காரும் அகலத்துக்குச் சட்டம் வெல்டிங் செய்து சீட் வைத்தார். அதற்கு ஃபோம் வெட்டி ரெக்சின் உறை தைத்தது நான்.

பின்சீட்டுக்கு மூன்று பெல்ட்டுகள் இருந்தன. இரண்டு பெல்ட்டுகள் பலகை போட்ட பக்கம் வந்ததால் கழற்றிப் பையில் போட்டு அத்தானிடம் கொடுத்தோம். மூன்றாவது பெல்ட்டைத் தொடவில்லை. அந்தப் பெல்ட்டை மாட்டும் பக்கிள் மேலே வருவதற்காக நான் சீட் உறையில் ஒரு துவாரம் விட்டு, அதன் ஓரம் பிரியாமல் இரட்டைத் தையல் போட்டிருக்கிறேன். கார் இப்போது இந்தக் காவல் நிலைய வளாகத்தில்தான் நிற்கிறது. துவாரத்தை இன்று காலை அதிகாரியிடம் காட்டினேன். பெல்ட் இல்லாத சீட்டுக்கு எவரும் பக்கிள் துவாரம் வைத்துத் தைக்க மாட்டார்கள்.

சீட் முடிந்ததும் அக்கா அதில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிப் பார்த்தார். அவர் குட்டை. "கழுத்துல அறுக்குதுடி குட்டி" என்றார். அதனால் ஒரு நீலத் துணியில் பஞ்சு வைத்து உறை தைத்து, கழுத்தில் படும் இடத்தில் பெல்ட்டின்மேல் போட்டு, நழுவாமல் இருக்க இரண்டு முனையிலும் பெல்ட்டோடு சேர்த்துத் தைத்தேன்.

அதன் பிறகு கொஞ்ச நாள் கழித்து அத்தான் பட்டறைக்கு வந்து, கயிறு கட்டினால் ஃபிரிஜ்ஜின் பெயின்ட் உரிகிறது என்றும், கடைக்காரர் வாய்க்கு வந்தபடி திட்டுகிறார் என்றும் சொன்னார். பையில் கொடுத்த பெல்ட்டுகளைக் கட்டும்படி சித்தப்பா சொன்னார். "அது ரெண்டும் உடம்புக்குச் சரியாப்போச்சு. ஃபிரிஜ் கதவு வாயைப் பொளக்குதே, அதுக்கு என்ன பண்றது?" என்று கேட்டுவிட்டு, அத்தான் ஸ்பேனரைக் கடன் கேட்டார். சித்தப்பா தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தார். எதற்கென்று கேட்கவில்லை. அத்தான் என்னைப் பார்த்து, "என்ன ஊமைப்படம், நல்லா ஓடுதா?" என்றார். அவர் என்னை எப்போதும் அப்படித்தான் கூப்பிடுவார்.

போன வியாழக்கிழமை முற்பகலில் சித்தப்பாவுக்கு அத்தானிடமிருந்து போன் வந்தது. முன்னால் போன பேருந்து திடீரென்று நின்றதால் பிரேக் போட்டதாகவும், கார் நடுத்திட்டில் ஏறி நிற்பதாகவும், பட்டறை வண்டியை எடுத்துவரும்படியும் சொன்னார். அக்காவைப் பற்றிப் போனில் எதுவும் சொல்லவில்லை. நான் சித்தப்பாவுடன் போனேன். அக்கா சாலையோரத்தில் தாடையை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விரல் இடுக்கில் ரத்தம் வந்தது. வாயைத் திறக்க முடியாததால் அழக்கூட முடியவில்லை. அத்தான் காரின் பின்கதவுக்குள் குனிந்து போன் வெளிச்சத்தில் ஃபிரிஜ்ஜைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களிடம் அவர் சொன்ன முதல் வார்த்தை, "நல்லவேளை மாமா, ஒரு கீறல்கூட விழல."

ஃபிரிஜ் இம்மியும் அசையவில்லை. அதன் உடம்பில் இரண்டு பெல்ட்டுகள் கட்டியிருந்தன. மூன்றாவது பெல்ட் கதவைச் சுற்றி இருந்தது. கதவின் விளிம்பு தேயாமல் இருக்க, நான் தைத்த நீல உறை சரியாக அந்த இடத்தில் வரும்படி இழுத்துக் கட்டியிருந்தார்.

அதன் பிறகு நான் நடுச்சாலையில் நின்று கத்தி ஒரு காரை நிறுத்தி அக்காவை மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். அத்தானும் சித்தப்பாவும் ஃபிரிஜ்ஜைப் பட்டறை வண்டிக்கு மாற்றி, வாங்கியவர் வீட்டில் இறக்கிவிட்டு, அதன் பிறகுதான் மருத்துவமனைக்கு வந்தார்கள். "பார்ட்டி காத்துக்கிட்டு இருந்தாங்க" என்றார் அத்தான்.

அக்காவுக்குத் தாடையில் இரண்டு இடத்தில் எலும்பு முறிந்துள்ளது. பல்லோடு பல்லைக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள். காவலர் வந்து விசாரித்தபோது, பட்டறையில் எல்லா பெல்ட்டையும் கழற்றிவிட்டார்கள் என்று அத்தான் சொன்னார். அதைக் கேட்ட அக்கா கட்டில் கம்பியைக் கையால் ஓங்கி ஓங்கி அடித்தார். "வலி தாங்க முடியல போல, ஊசி போடுங்க" என்று அத்தான் நர்ஸிடம் சொன்னார். போட்டார்கள்.

அன்று மாலை எங்கள் மாடி அறையில் அத்தான், சித்தப்பா, அம்மா, நான் ஆகிய நால்வரும் இருந்தோம். "மாமா பேர் வந்தா பட்டறையை மூடணும். இவ தெரியாம கழட்டிட்டான்னு சொன்னா விஷயம் முடிஞ்சது. சின்னப் பொண்ணு, மிரட்டி அனுப்பிடுவாங்க" என்றார் அத்தான். "வாயில விரலை வச்சாலும் கடிக்கத் தெரியாத பொண்ணு நீ, உன்னை யாரும்மா என்ன பண்ணப்போறாங்க?" என்றார் சித்தப்பா. இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மா, "அக்கா நாளைக்கு அந்த வீட்லதான்டி வாழணும். ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லிடு" என்றார்.

"எந்தக் கார்ல ஏறி அந்த வீட்டுக்குப் போவா?" என்று நான் கேட்டேன்.

அதற்கு அத்தான், "அட, படம் பேசுதுப்பா" என்றார். காரை விடுவித்ததும் அடுத்த ஃபிரிஜ் ஏற்ற வேண்டும் என்றும், தாடை கூடினதும் அக்கா வந்துவிடலாம், தூக்குவதற்குத் தாடை எதற்கு என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அதன் பிறகு மறுநாள் பட்டறை வண்டியின் சீட்டுக்கு அடியில் மூன்றாவது பெல்ட் கிடப்பதைக் கண்டு எடுத்து வைத்தேன். அதன் ஒரு முனையில் போல்ட் கழற்றிய துளை இருக்கிறது. மறுமுனை பிளேடால் நேராக அறுக்கப்பட்டிருக்கிறது. மீதித் துண்டு இன்னமும் காரின் பக்கவாட்டில் பெல்ட் சுருண்டுகொள்ளும் பெட்டிக்குள் உள்ளது. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கலாம். பெல்ட்டை நீல உறையோடு இன்று அதிகாரியிடம் ஒப்படைத்துவிட்டேன்.

நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். மூன்று பெல்ட்டும் பழைய சீட்டும் திரும்ப வைக்காமல் அந்தக் காரை அவரிடம் கொடுக்கக் கூடாது. அக்கா அதில் மறுபடி உட்காரக் கூடாது.

இந்த வாக்குமூலம் எனக்கும் அம்மாவுக்கும் படித்துக் காட்டப்பட்டது. தன்னைப் பற்றிய வரியை எடுத்துவிடும்படி அம்மா அதிகாரியிடம் கேட்டார். இருக்கட்டும் என்று நான் சொன்னேன். அம்மா மேசைமேல் இருந்த பெல்ட்டை எடுத்து நீல உறையின் ஓரத்தைப் புரட்டிப் பார்த்தார். அதன் பிறகு, "அப்போ இதையும் எழுதிக்குங்க சார். அந்த நீலத்துணி இவளோட ஸ்கூல் பாவாடை. அந்தப் பாவாடை ஓரத்தை மடிச்சுத் தைச்சது நான். என் கைத்தையல் எனக்குத் தெரியும். எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்" என்றார். அவர் சொன்னபடி சேர்க்கப்பட்டது.

மேலே உள்ளவை நான் கண்டதும் கேட்டதும் என் கையால் செய்ததும் மட்டுமே, அனைத்தும் உண்மை. யாரும் சொல்லிக்கொடுத்து நான் சொல்லவில்லை. சொல்லிக்கொடுத்ததைத்தான் சொல்லவில்லை.

(ஒப்பம்) வாக்குமூலம் அளித்தவர்
(ஒப்பம்) தாயார், சாட்சி