வீடு விற்க வந்த தம்பி

நெல்லியடியில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் என் முன் இருக்கையில் இருந்தார்கள்.

"ஆடி முழுக்க நாங்கள் குசினியிலை அடுப்புக்குப் பக்கத்திலைதான் படுக்கிறம்," என்றார் மூத்தவர், பெருமையாக.

"ஏனக்கா, வீடு ஒழுகுதோ?"

"போடி! அறையெல்லாம் வாடகைக்கு, கடல் பாக்க வந்த சனம். பூட்டிக் கிடந்த எங்கடை பருத்தித்துறை ஒழுங்கையிலை இப்ப எல்லா வீட்டிலையும் லைட் எரியுது."

"லண்டன் தம்பி வீட்டை விக்கத்தானே வந்தவர்?"

"ஓம். 'உந்தக் கடற்கரையிலை இனி என்ன இருக்கு, வித்துப்போட்டு என்னோடை வாக்கா' எண்டவன். அவனுக்கும் விறாந்தையிலைதான் பாய் போட்டன்."

"கோவிச்சுக்கொண்டு போட்டாரோ?"

"எங்கை போறது? வந்த சனத்துக்குக் கூழ் காய்ச்ச நண்டு உடைக்க விட்டன். நேற்று வீடு வாங்க வந்த ஆளை வாசல் படலையிலையே மறிச்சு, 'விக்கிறதில்லை. அறை வேணுமெண்டால் ஆவணியிலை வாங்கோ' எண்டிட்டான்."