கட்டடச் சொந்தக்காரர்களுக்கான அலமாரி

நான் அன்றைக்கே சொன்னேன்! இந்தக் கூட்டம் கூடும் என்று சொன்னேன். இந்த மேடை எழும் என்று சொன்னேன். இந்த மைக் இப்படிக் கரகரக்கும் என்றுகூடச் சொன்னேன். யாராவது கேட்டார்களா? கேட்கவில்லை. போகட்டும். முதலில் மரியாதை, பிறகு என் மகிமை.

இருவர் அமரும் இருக்கையில் ஒருவராய் அமர்ந்து, ஒருவராய் இருந்தும் ஓர் ஊர்வலமாய்த் தோன்றும் விழாத் தலைவர் அவர்களே! இந்தக் கட்டடத்தின் கல்லுக்கும் கதவுக்கும், படிக்கும் பரணுக்கும் சொந்தக்காரர் அவர்களே! அவர் பக்கத்தில் அமர்ந்து என்னைக் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கும் என் அக்கா மகளே, இந்தப் புத்தகக் கடையின் முதலாளியே! மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்தே என்னைத் தெளிவாக்கிக்கொண்டிருக்கும் முன்வரிசைப் பெரியோர்களே! சிறு வயதில் என்னை இடுப்பில் தூக்கிய பெருமையை இன்றுவரை இறக்கி வைக்காத என் அக்கா தலைமையில் வந்திருக்கும் தாய்மார்களே! பிஸ்கட் வந்ததும் போய்விடலாம் என்று வாசலோரம் இடம்பிடித்த வாலிபச் சிங்கங்களே! உங்கள் எல்லோருடைய காதுகளுக்கும் என் கைகளைக் கூப்புகிறேன்.

எதற்காகக் கூடியிருக்கிறோம்? அதோ, மேஜைமேல், தண்ணீர்ச் செம்புக்கு அடியில் படபடக்கிறதே ஒப்பந்தம், அதற்காக! இந்தக் கடை இன்னும் பத்து ஆண்டுகள் இதே இடத்தில் இருக்கலாம் என்கிற ஒப்பந்தம். தலைவரின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. பேனா அவர் பையில், பேச்சு என் வாயில். நான் மூடினால் அவர் திறப்பார். "சுருக்கமாப் பேசுங்க மாமா" என்றாள் அக்கா மகள். நான் எப்போதும் சுருக்கமாகத்தான் பேசுகிறேன். கேட்பவர்களுக்குத்தான் நீளமாகத் தெரிகிறது.

அன்பானவர்களே! போன வருடம் இந்தக் கடை எப்படி இருந்தது? ஈ ஓட்டுகிறாள் என்று ஊரார் சொன்னார்கள். அபாண்டம்! ஓட்டுவதற்கு ஓர் ஈயாவது வர வேண்டாமா? உள்ளே புத்தகத்துக்கு என்னவோ குறையில்லை. கடல் ஆமைகளின் குடும்ப வாழ்க்கை ஒரு பக்கம், காதலித்துக் கெட்ட கணக்கு வாத்தியாரின் கதை மறுபக்கம். பல்வலியின் வரலாறு கீழே, பறக்கும் தட்டில் வந்த பங்காளிகள் மேலே. கொலைகாரனுக்கு ஜலதோஷம் என்று ஒரு துப்பறியும் நாவல், அதற்கு முதுகு காட்டி, மூச்சுப் பயிற்சி கையேடு. அறிவு அடுக்கடுக்காய் இருந்தது. ஆள்தான் இல்லை.

நம் தலைவர் ஒருநாள் வந்தார். அப்போது அவர் தலைவர் இல்லை, வெறும் கட்டடக்காரர். கோபித்துக்கொள்ளாதீர்கள் தலைவரே, வரலாறு இரக்கமற்றது.

"இந்த மாசக் கடைசில காலி பண்ணிக் குடுத்துடும்மா. செருப்புக் கடைக்காரர் ரொம்ப நாளா கேக்கறார். மனுஷன்னா எல்லாருக்கும் கால் இருக்கு பாரு."

"தலையும்தான் இருக்கு சார் எல்லாருக்கும்."

"இருக்கும்மா. ஆனா வளர வளர அதுக்குப் புதுசா யாரும் ஒண்ணும் வாங்கறதில்லையே."

அவர் போன பிறகு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, புத்தகங்களைத் துடைக்க ஏணியில் ஏறினாள் என் அக்கா மகள். ஏறியவள் இறங்கவில்லை, விழுந்தாள். வலது கால் முறிந்தது. பட்ட காலிலே படும் என்பார்கள். இவளுக்கு அந்தக் கால் அப்போதுதான் பட்டது, ஆனாலும் பட்டது!

கடையை யார் பார்ப்பது? குடும்பம் கூடியது, குழம்பியது, கடைசியில் குன்றின் மேலிட்ட விளக்காய் நின்ற என்னை நோக்கியது. நானோ ஹார்டுவேர் கடைக்காரன். கல்வியிலும் குறைந்தவனல்ல. எட்டாம் வகுப்பை மூன்று வருடம் படித்தவன், கூட்டிப் பாருங்கள், பத்தாம் வகுப்பு. என் கடையை என் மனைவியிடம் ஒப்படைத்துவிட்டு இங்கே வந்தேன். அந்த மாதம் என் கடையில் வியாபாரம் இரண்டு மடங்கானது என்பது வேறு கதை. யாரம்மா அது, தாய்மார்கள் பக்கத்தில் சத்தமாகச் சிரிப்பது? ஓ, நீதானா? வீட்டில் பேசிக்கொள்ளலாம்.

வந்தேன், பார்த்தேன், வியந்தேன். ஒரு பக்கம் 'புனைவு' என்று பலகை, மறு பக்கம் 'அபுனைவு' என்று பலகை. கட்டிலில் கிடந்தவளுக்கு போன் போட்டேன்.

"அம்மாடி, இந்தப் புனைவுன்னா என்ன?"

"நடக்காத கதை மாமா."

"அப்போ அந்தப் பக்கம்?"

"அதெல்லாம் நிஜம். எதையும் தொடாதீங்க, ப்ளீஸ்!"

தொடவில்லை, எட்டித்தான் பார்த்தேன். நிஜத்தின் பக்கம் நின்ற முதல் புத்தகத்தின் பெயர் என்ன தெரியுமா? 'ஒரே வாரத்தில் ஒல்லியாகலாம்!' கேட்கிறேன், எந்த வாரம்? எவர் ஒல்லி? அடுத்தது, 'கோபமே இல்லாத குடும்பம்'. நிஜமாம்! எந்தத் தெருவில்? எத்தனையாவது வீடு? நடக்காத பக்கம் போனேன். அங்கே ஒரு நாவல். அதில் மச்சினனும் மச்சினனும் மாடிச் சுவருக்காக மல்லுக்கு நிற்கிறார்கள். ஐயா, இது நடக்காததா? எங்கள் வீட்டில் நடந்தது! என் சட்டைப் பை கிழிந்தது! அப்போதே முடிவு செய்தேன். இந்தப் பலகைகளுக்குத்தான் பைத்தியம். இரண்டையும் கழற்றினேன்.

என் கடைக்கு வருகிறவன் "அரை அங்குல வாஷர் குடுங்க" என்றா கேட்கிறான்? "அண்ணே, ராத்திரியெல்லாம் குழாய் சொட்டுது" என்கிறான். அவன் குறையைச் சொல்கிறான், நான் சாமானைக் கொடுக்கிறேன். தொழில் ரகசியம் அவ்வளவுதான்! புத்தகத்துக்கும் அதையே செய்தேன். புதுப் பலகைகள் எழுதினேன். 'தூக்கம் வராதோருக்கு'. 'தூங்கி வழிவோருக்கு'. 'மனைவியிடம் தோற்றோருக்கு'. இந்த அலமாரி போதவில்லை, இன்னொன்று வாங்கினோம். 'வாயைத் திறந்துகொண்டிருப்போருக்கு'. 'கட்டடச் சொந்தக்காரர்களுக்கு'. கதையும் நிஜமும் கலந்து, கனமானது கீழே, லேசானது மேலே, ஆணியும் திருகும்போல் அடுக்கினேன்.

கூட்டம் வந்ததா? வந்ததாவா! வாசல் மணி அடித்து அடித்து நாக்குத் தேய்ந்துவிட்டது. பக்கத்துத் தெருப் பல் டாக்டர் வந்தார், வாயைத் திறந்துகொண்டிருப்போர் அலமாரியைக் கண்டார், ஜலதோஷக் கொலைகாரனை வாங்கிப் போய்த் தன் நாற்காலி அருகே வைத்தார். மறுநாள் ஓடி வந்தார். "என்ன சார் புத்தகம் குடுத்தீங்க? பல்லைப் பிடுங்கி முடிச்சும் ஒருத்தர் எந்திரிக்க மாட்டேங்கறார். கொலைகாரன் யாருன்னு தெரியணுமாம். இன்னொரு பல்லும் எடுத்துக்கோங்கன்றார்!"

நம்பவில்லையா, பின்வரிசையாரே? பல் போனவர் அந்தப் பல்லில்லாத வாயால் என்னிடமே சொன்னார். என்ன, டாக்டர் சொன்னார் என்றுதானே முதலில் சொன்னாய் என்கிறீர்களா? இருவரும் சொன்னார்கள். தனித்தனியாகச் சொன்னார்கள். உட்காருங்கள்.

மாதக் கடைசி வந்தது. கட்டடக்காரர் வந்தார். கூடவே செருப்புக் கடைக்காரர், கையில் அளவு நாடா. "இந்தச் சுவர்ல கண்ணாடி, அந்தச் சுவர்ல கால் வைக்கற ஸ்டூல்" என்று அளக்க ஆரம்பித்தார். நெஞ்சே, நீ அன்று எப்படித் தாங்கினாய்? வீட்டுக் கட்டிலில் காலைத் தூக்கிக் கட்டிக் கிடந்தவள் அரைமணிக்கு ஒருமுறை போனில் கேட்கிறாள், "மாமா, அளக்கறாங்களா?" நான் சொல்கிறேன், "இல்லம்மா, சும்மா நாடாவை நீட்டிப் பாக்கறார்."

அப்போது நம் தலைவரின் கண் அந்தப் பலகையில் விழுந்தது. கட்டடச் சொந்தக்காரர்களுக்கு! தனக்கென்றே ஓர் அலமாரியை யார்தான் தாண்டிப் போவார்? 'வாடகைச் சட்டம் வினா விடை' இருந்தது. 'ஒழுகும் சுவர்களும் உறுதியான தீர்வுகளும்' இருந்தது. இரண்டுக்கும் நடுவே நான் செருகி வைத்த ஒரு நாவல். குடியிருப்பவளைக் காலி செய்ய வைக்கிறான் ஒரு கட்டடக்காரன். அவள் போன பிறகும் மாடியில் ஓர் அறைக்குள் விளக்கு எரிகிறது. அவன் அதையே எடுத்தார். மன்னிக்கவும், இவர் அதையே எடுத்தார்.

நின்று படித்தார். சாய்ந்து படித்தார். உட்கார்ந்து படித்தார். செருப்புக் கடைக்காரர், "சார், அந்த மூலை எத்தனை அடி வருது, ஒரு நுனியப் பிடிங்க" என்றார். இவர் நாடாவின் நுனியை வாங்கி, புத்தகத்தில் அடையாளத்துக்கு வைத்தார்! தலைவரே, மறுக்கிறீர்களா? பாருங்கள், சிரிக்கிறார்.

சாயங்காலம் முகம் வெளுத்து என்னிடம் வந்தார்.

"இந்த ஆளு எந்தத் தெரு?"

"எந்த ஆளு சார்?"

"மாடி ரூமுக்குள்ள போனானே, கட்டடக்காரன். கதவு தானா சாத்திக்கிச்சு, அத்தோட புத்தகம் முடிஞ்சுபோச்சு. அப்புறம் என்னாச்சு அவனுக்கு?"

சட்டப் புத்தகத்துக்கும் சுவர்ப் புத்தகத்துக்கும் நடுவே இருந்ததால், அதையும் நிஜம் என்று எடுத்துக்கொண்டார் பெருமகன்! நான் என்ன சொன்னேன்? "அதெல்லாம் ரெண்டாம் பாகத்துல வருது சார். அச்சாகிட்டிருக்கு. நம்ம கடைக்குத்தான் முதல்ல வரும்" என்றேன்.

அவர் செருப்புக் கடைக்காரரைப் பார்த்தார். "நீங்க வேற எடம் பாத்துக்குங்க. இவங்க கொஞ்ச நாள் இருக்கட்டும்" என்றார். நாடா சுருண்டது! நம் நம்பிக்கை நிமிர்ந்தது!

அன்று முதல் நித்தம் வந்தார். "வந்துச்சா?" "வரும் சார்." காத்திருக்கும் நேரத்தில் கடல் ஆமையைப் படித்தார், கணக்கு வாத்தியாரைப் படித்துக் கண் கலங்கினார். தன் மருமகனை அழைத்து வந்தார், மருமகன் நண்பர்களை அழைத்து வந்தார். ஒருநாள் தானே ஏணியில் ஏறித் தூசி துடைத்தார். ஏணி பயந்தது, ஆனால் தாங்கியது. கேட்கிறேன் பெரியோர்களே, ஒரு பாதத்துக்கு ஒரு செருப்பு போதும். ஒரு தலைக்கு எத்தனை புத்தகம் போதும்? காலுக்கு அளவு உண்டு, கனவுக்கு அளவு உண்டா? நடந்து தேய்வது செருப்பு, படித்து வளர்வது... கைதட்டுங்கள், எனக்கு எதுகை கிடைக்கவில்லை!

போதும், போதும். இனிமேல்தான் கஷ்டமான பகுதி.

என் அக்கா மகள் ஏன் இன்னும் இமைக்காமல் பார்க்கிறாள் தெரியுமா? மேடை ஏறும் முன்னால் என் கையைப் பிடித்தாள். "மாமா, அவர் கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி உண்மை தெரியணும். நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" "கடை போயிடுமே அம்மாடி" என்றேன். "போனா போகட்டும். ஏமாத்தி வாங்கின பத்து வருஷத்துல நான் எப்படி உக்காந்து புத்தகம் விப்பேன்?" என்றாள். இவள் என் அக்காவின் வளர்ப்பு. நான் வளர்த்திருந்தால் இந்தத் தொல்லை வந்திருக்காது.

தலைவர் அவர்களே! தண்ணீர் குடித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் பாகம் என்று ஒன்று இல்லை. அச்சாகவில்லை, எழுதவேயில்லை. அந்தக் கட்டடக்காரரும் எந்தத் தெருவிலும் இல்லை. அது கதை.

மைக்கை அணைக்காதீர்கள் யாரும். தலைவர் எழுந்துவிட்டார். என் பக்கம் வருகிறார். அக்கா, எனக்கு ஏதாவது ஆனால் என் கடைச் சாவி உன் தம்பி பொண்டாட்டியிடமே இருக்கட்டும்.

தலைவர் கேட்கிறார், எல்லோருக்கும் கேட்கும்படி திருப்பிச் சொல்கிறேன். "அப்போ அவன் இன்னும் அந்த ரூமுக்குள்ளயேதான் இருக்கானா?"

ஆமாம் தலைவரே.

"அவனை யாரும் வெளிய எடுக்கலையா?"

இல்லை தலைவரே.

இப்போது என் அக்கா மகளிடம் திரும்புகிறார். கேளுங்கள், கேளுங்கள்! "அவனை நிஜ ஆளாக்கி அங்க பூட்டி வெச்சது உங்க மாமா. ரெண்டாம் பாகத்தை அவரே எழுதி அவனை வெளிய கொண்டாரணும். அது வர்ற வரைக்கும் நீ கடையைக் காலி பண்ணக் கூடாது, சொல்லிட்டேன். பத்து வருஷம் போதுமா உங்க மாமாவுக்கு?"

எட்டாம் வகுப்புக்கே மூன்று வருடம் எடுத்தவன் தலைவரே, பத்து போதாது! இருபது என்று திருத்தச் சொல்லுங்கள்! ஆ, பேனா திறந்துவிட்டது. திருத்துகிறார். கையெழுத்து விழுகிறது! அக்கா மகளே, இப்போதாவது கண்ணை இமை!

தலைமைக்கு நன்றி, பொறுமைக்கு நன்றி, இந்த மைக்குக்கு நன்றி. பிஸ்கட் வருகிறது, சிங்கங்களே, எழலாம். விடைபெறும் முன் ஒரு சின்னத் திருத்தம், உண்மை பேசும் வேகத்தில் இதையும் பேசிவிடுகிறேன். இதெல்லாம் நடக்கும் என்று அன்றைக்கே சொன்னேன் என்று ஆரம்பித்தேன் அல்லவா? அது மட்டும் நானாகச் சேர்த்தது. அன்றைக்கு நான் என் அக்காவிடம் சொன்னது வேறு. "பேசாம செருப்புக் கடைக்கே விட்டுடச் சொல்லுக்கா, எனக்கும் ஒரு ஜோடி சும்மா கிடைக்கும்" என்றேன்.

வணக்கம்.