ஆறாம் மாதத்து நெய்க்கஞ்சி

"புள்ளத்தாச்சிக்கு ரத்த அழுத்தம் ஏறிக் கெடக்கு. நீங்க பாட்டுக்கு நெய்க்கஞ்சியத் தூக்கிட்டு வர்றீங்களே, இது நல்லாவா இருக்கு அக்கா?" என்று மாடிப்படியிலிருந்து கத்தினாள் எதிர்வீட்டு நர்ஸ்.

"கல்யாணமே ஆகல, வந்துட்டா பிரசவம் பாக்க. நீ பெத்துப் பாத்திருக்கியாடி?" என்று நானும் குரலை உயர்த்தினேன். எட்டுக் குடித்தனமும் குழாயடியில் கூடும் காலை வேளை. சண்டைக்கு அதைவிட நல்ல சபை அமையாது.

தையல்காரரின் மனைவி ஆறு மாத வயிற்றோடு வாசலில் சாய்ந்து நின்று, "ரெண்டு பேர் சொல்றதையும் கேட்டுக்கறேன், விடுங்களேன்" என்றாள். பாவம், யார் மனமும் நோகக் கூடாது அவளுக்கு. தாயும் இல்லை, மாமியாரும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரி என்ற முறையில் நான்தான் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தேன்.

கர்ப்பிணிக்கு மாதத்துக்கு ஒரு பக்குவம் உண்டு. முதலில் ஆறிய வெறும் பால், பிறகு வேர் போட்டுக் காய்ச்சிய பால், அடுத்துத் தேனும் நெய்யும், அப்புறம் வெண்ணெய். கால் வீங்கும் ஆறாம் மாதத்தில் நெருஞ்சில் சேர்த்த நெய்க்கஞ்சி. எல்லாம் கடைத்தெரு வைத்தியரிடம் துருவித் துருவிக் கேட்டு வைத்தவை. "உங்க கைப்பக்குவத்துல பொறக்கப்போற புள்ள" என்று பால்காரர்கூடச் சொல்ல ஆரம்பித்திருந்தார். அவருக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததே நான்தான் என்பது வேறு விஷயம்.

இந்த நர்ஸ் அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் மாத்திரை வாங்கிக் கொடுத்தாள். தலைசுற்றல் நின்றது. உடனே குழாயடிப் பேச்சும் மாறிவிட்டது. "மாத்திரை நல்லாக் கேக்குதாமே!" அடுப்பில் வெந்தவள் நான், பெயர் அவளுக்கு.

வைத்தியரிடம் போய் முறையிட்டேன். அவரோ, "அழுத்தம் ஏறிட்டா கஞ்சி கேக்காதும்மா. மாத்திரைய நிறுத்தவே கூடாது. தலவலின்னா உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பு" என்றார். அவருக்கும் வயதாகிவிட்டது. அவர் சொன்னதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

என் மூட்டுவலிக்குச் சுண்ணாம்புச் சத்து மாத்திரை கொடுத்திருந்தார்கள். அதே வெள்ளை, கிட்டத்தட்ட அதே அளவு. தையல்காரர் மனைவியின் மாத்திரை டப்பாவில் அவற்றைப் போட்டுவிட்டு, அவளுடையதை எடுத்துக்கொண்டேன். எலும்புக்கு நல்லதுதானே. சுகப்பிரசவம் ஆனதும் எல்லார் முன்னாலும் விஷயத்தைச் சொல்லி, நர்ஸின் மூக்கை உடைப்பதாக இருந்தேன்.

எட்டாம் மாதத்தில் ஒரு மத்தியானம், "கண்ணு முன்னால பூச்சி பறக்குதுக்கா, தல வெடிக்குது" என்றாள். நர்ஸ் வேலைக்குப் போயிருந்தாள். "புள்ளைக்கு முடி மொளைக்குதுடி, அப்படித்தான் இருக்கும்" என்று தலையை மடியில் வைத்துக் கஞ்சி ஊட்டினேன். வலிப்பு வந்தபோது கரண்டியைக் கீழே வைக்கவே எனக்குச் சற்று நேரம் பிடித்தது. வண்டி வைத்துக் கொண்டுபோனார்கள். இரண்டு உயிரும் தங்கவில்லை.

"மாத்திரைய ஒழுங்காப் போட்டாளேக்கா" என்று நர்ஸ் என் தோளில் விழுந்து அழுதாள்.

"ஆஸ்பத்திரி மருந்து எல்லா ஒடம்புக்கும் ஒத்துக்காதும்மா. நீ என்ன பண்ணுவ" என்று தேற்றினேன். மனசு கேட்கவில்லை எனக்கு.

அவள் வேலையை விட்டாள். பிறகு கல்யாணமாகித் தூர ஊருக்குப் போய்விட்டாள். தையல்காரர் வருஷம் திரும்பியதும் கொழுந்தியாளையே கட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் வீடு மாறினார். புதுப்பெண் இப்போது முழுகாமல் இருக்கிறாளாம். தபால்காரரிடம் நயமாகப் பேசி விலாசத்தை வாங்கிவிட்டேன். தலைப்பிரசவம். அக்கறையாகப் பார்த்துக்கொள்ள ஒருத்தி பக்கத்தில் இல்லாவிட்டால் அந்தப் பெண்ணுக்குப் பயமாக இருக்காதா?