ஜன்னலோர இடம்

லிகாயா: சாப்பிட்டுக்கிட்டே கேளு. நாளன்னைக்கு ஜட்ஜ் முன்னாடி நீ வாயைத் திறக்கணும்.

ரோமுலோ: வாயைத் திறந்தா சோறு கீழ விழும்க்கா.

லிகாயா: விளையாடாதடா. இலவச வக்கீலம்மா விலாவாரியாச் சொன்னாங்க. விசாரிக்காமலே இத்தனை வருஷம் உள்ள போட்டு வைக்கக் கூடாதாம். சீக்கிரம் விசாரி, இல்லேன்னா வெளிய விடுன்னு கேக்கிற உரிமை உனக்கு இருக்காம். அரசியல் சாசனத்துலயே எழுதியிருக்காம்.

ரோமுலோ: எழுதினவங்க எங்க செல்லுக்கு வந்து ஒரு நாள் படுக்கணும். ஒருத்தன் காலு இன்னொருத்தன் வாயில.

லிகாயா: அதுக்குத்தானே சொல்றேன், கேளுன்னு…

ரோமுலோ: என்னன்னு கேக்கச் சொல்றே?

லிகாயா: நடந்ததைச் சொல்லு. போலீஸ் ஜெபோயைத் தேடி வந்தாங்க. தம்பி கிடைக்கல, அண்ணனைத் தூக்கிட்டாங்க. போதைப் பொட்டலத்தை அவங்களே உன் பையில வச்சாங்க. இதைச் சொல்ல என்ன?

ரோமுலோ: தம்பி பேரை நானே கோர்ட்டுல சொல்லணும். அவங்க எழுதிக்குவாங்க. அப்புறம் அவனைத் தேடிப் போவாங்க… நம்ம தெருவுல அப்படித் தேடினவங்க எவனையாவது உசுரோட கூட்டிட்டு வந்திருக்காங்களா?

லிகாயா: தண்ணி ஊத்தட்டுமா?

ரோமுலோ: சொல்லேன்.

லிகாயா: சோறைத் தின்னு. மீன் ஆறிப்போச்சு.

ரோமுலோ: அவன் எப்படி இருக்கான்?

லிகாயா: யாரு?

ரோமுலோ: யாருன்னா? நமக்கு எத்தனை தம்பி?

லிகாயா: ஓ… கடல்லதான். பலவான் தீவுப் பக்கம். பெரிய மீன்பிடி போட்டுல வேலை. மணிலாவுக்கு வர்றதே இல்ல.

ரோமுலோ: போன தடவை சமார் பக்கம்னே.

லிகாயா: மீன் போற பக்கம் போட்டு போகும். கேள்வி கேக்கிறான் பாரு, முதலாளி மாதிரி.

ரோமுலோ: ஒரு வார்த்தை சொல்லி அனுப்பக்கூடாதா? கல்நெஞ்சுப் பய. எங்கயோ நல்லா இருந்தாச் சரி.

காவலர்: ஏ, அந்த மூலை! கொஞ்ச நேரம்தான் இருக்கு. சீக்கிரம் முடிங்க.

லிகாயா: முடிச்சிடறோம் சார்.

ரோமுலோ: அதை விடு. ஒரு நல்ல சேதி. எங்க மேயர் எனக்கு ஜன்னலோரம் குடுத்துட்டாரு.

லிகாயா: யாரு, நீங்களே உள்ள தேர்ந்தெடுத்து வச்சிருக்கீங்களே, அந்தக் கிழவரா?

ரோமுலோ: ஆமா. படுக்கிற இடம் அவர் சொல்றதுதான். இத்தனை நாள் கக்கூஸ் வாசல். இப்ப காத்து வருது. காலை நீட்டித் தூங்குறேன், நம்பினா நம்பு.

லிகாயா: உனக்கெதுக்கு ஜன்னலோரம்?

ரோமுலோ: எதுக்குன்னா… மனுஷன் நல்லவர்.

லிகாயா: வாசல்ல வரிசையில நிக்கிற பொம்பளைங்க சொல்லுவாங்க. தீர்ப்பாகி பெரிய ஜெயிலுக்குப் போறவனுக்குத்தான் ஜன்னலோரமாம். போறதுக்குள்ள நாலு நாள் நல்லாத் தூங்கட்டும்னு.

ரோமுலோ: பொம்பளைங்க ஆயிரம் சொல்லுவாங்க.

லிகாயா: தட்டைப் பாக்காத. என்னைப் பாத்துச் சொல்லு.

ரோமுலோ: இன்னும் கொஞ்சம் மீன் வையேன்.

லிகாயா: ரோமுலோ.

ரோமுலோ: விசாரணைய முன்னாடியே வச்சுட்டாங்க. திங்கக்கிழமையே முடிஞ்சிருச்சு.

லிகாயா: வக்கீலம்மா எங்கிட்டச் சொல்லலியே…

ரோமுலோ: அவங்க லீவு. வேற ஒருத்தர் வந்தாரு. என் பேரையே தப்பாச் சொன்னாரு. பொட்டலம் என்னதுதான்னு ஒத்துக்கிட்டேன். யாராவது மிரட்டினாங்களான்னு ஜட்ஜ் ரெண்டு தடவை கேட்டாரு. இல்லைன்னேன்.

லிகாயா: அடப்பாவி… எவ்வளவு போட்டாங்க?

ரோமுலோ: உள்ள இருந்தது போக இன்னும் ஆறு வருஷம்.

லிகாயா: ஆறு வருஷமா?

ரோமுலோ: கத்தாதக்கா. குத்தவாளி கிடைச்சாச்சு, கேஸை மூடியாச்சு. இனி ஜெபோயை எவனும் தேட மாட்டான். அழாத… எல்லாரும் பாக்கிறாங்க. பேசற உரிமை இருக்குன்னியே, வாயை மூடற உரிமையும் இருக்குல்ல?

லிகாயா: யாரைக் கேட்டுடா பண்ணினே?

ரோமுலோ: கேட்டா விட்டிருப்பியா?

காவலர்: நேரமாச்சு. எந்திரிங்க, எந்திரிங்க.

ரோமுலோ: அவனை வரச்சொல்லுக்கா. என்னை மாத்துறதுக்குள்ள ஒரு தடவை. இனிமே பயமில்லாம வரலாம்.

லிகாயா: நான் வக்கீலம்மாவைத் தேடிப் போறேன். தீர்ப்பு உறுதியாகறதுக்குள்ள, ஒத்துக்கிட்டதை வாபஸ் வாங்கணும்னு கேக்கலாமாம். ஒருத்தன் விஷயத்துல அப்படித்தான் செஞ்சாங்க.

ரோமுலோ: வேணாம். மறுபடி அவனைத் தேடுவாங்க.

லிகாயா: தேட மாட்டாங்கடா.

ரோமுலோ: உனக்கெப்படித் தெரியும்?

லிகாயா: நீ உள்ள வந்த மழைக்காலத்துலயே அவன் தானாப் போனான்டா, போலீஸ்கிட்ட… அண்ணனை விட்டுடுங்க, என்னை எடுத்துக்கங்கன்னு. மறுநாள் பாலத்துக்கடியில பொணமாக் கிடந்தான். சொன்னா நீ உள்ளயே எதையாவது பண்ணிக்குவேன்னு பயந்துட்டேன். கொன்னவன் மனசைக் கொத்தட்டும்னு வழக்கப்படி சவப்பெட்டி மேல கோழிக்குஞ்சு விட்டோம். அது இப்ப பெரிய சேவலாயிருச்சு. அம்மா இன்னும் அதுக்குத் தீனி போட்டுக்கிட்டு இருக்கா.