ஏழு நாள் தொப்பி

ஓஸ்தியாத் துறைமுகத்து மீன்சாறு வணிகர் சங்கத்தின் தலைவரும், கொடையில் குறையாதவரும், கோபத்திலும் குறையாதவரும், என் தங்கையைக் கைப்பிடித்த காரணத்தால் என் மாப்பிள்ளையும் ஆகிய கஸ்திரீசியுஸ் அவர்களே! அவரது வலப்பக்கத்தில் வழுக்கைத் தலையும் வற்றாத அறிவுமாய் வீற்றிருக்கும் மூத்தோர்களே! இடம் கிடைக்காமல் தூணோடு தூணாய் நிற்கும் இளையோர்களே! உப்பு மணக்கும் கைகளோடு உலையை இறக்கிவைத்துவிட்டு ஓடிவந்திருக்கும் தாய்மார்களே! அந்தத் தாய்மார்களுக்கு நடுவில் உட்கார்ந்து என்னையே முறைத்துக்கொண்டிருக்கும் என் தங்கை ஹெரேனியாவே! மூலை மாடத்தில், இன்று காலைதான் காலில் கட்டிய கம்பளி நூல் அவிழ்க்கப்பட்டு, ஆறுதலாக நிற்கும் எங்கள் சாத்தர்ன் சாமியே! எல்லாருக்கும் திருவிழாவின் முதல் நாள் வணக்கம்.

என் குரலைப் பற்றி நானே சொல்லிக்கொள்ளக் கூடாது. வேறு யாரும் சொல்வதில்லை, ஆகையால் சொல்கிறேன். இந்த மேடையில் நின்று நான் இருமினால் அக்கரைக் கலங்கரை விளக்கத்தில் தீ நடுங்கும். அலெக்சாந்திரியாவிலிருந்து வந்த ஞானி ஒருவர் காலையில் என்னோடு வாதம் தொடங்கினார். மதியச் சாப்பாட்டுக்குக் கூட நிற்காமல் கப்பல் ஏறிவிட்டார். கிரேக்கமும் படித்தவன் நான். எழுத்துகள் எல்லாம் தெரியும், சொற்கள்தான் கொஞ்சம் பாக்கி. அப்பேர்ப்பட்ட என் குரல் இன்று தொண்டைக்குக் கீழே போய் ஒளிந்துகொண்டிருக்கிறது. சளி இல்லை. வெட்கம்.

"சத்தமா பேசுங்க மாமா" என்கிறார் தூணோரம் ஒரு தம்பி. பேசுகிறேன் அப்பா. வெட்கத்தைச் சத்தமாகப் பேசி எனக்குப் பழக்கமில்லை, பொறுத்துக்கொள்.

நாம் ஏன் கூடியிருக்கிறோம்? கிறிஸ்தவர்கள் நம்மிடமிருந்து இரண்டைத் திருடிவிட்டார்கள் என்று நகர அதிகாரியிடம் முறையிடக் கூடியிருக்கிறோம். ஒன்று, நம் திருவிழா. மற்றொன்று, தலைவர் வீட்டுச் சமையற்காரி தல்லூசா. அடிமையாகிய அவளை அவர்கள் வீட்டிலிருந்து இழுத்துவர வேண்டும் என்று சங்கம் கை தூக்க வேண்டும். தூக்குவதற்கு முன்னால் குற்றத்தை முழங்க ஓர் ஆள் வேண்டும். முழங்குவதற்கு இந்த ஊரில் என்னை விட்டால் யார்?

முதல் திருட்டை முழங்கிவிடுகிறேன், கேளுங்கள்.

மெழுகுத்திரி கொளுத்துவது யார் வழக்கம்? நம் வழக்கம். மண்பொம்மை வாங்கிப் பிள்ளைகள் கையில் கொடுப்பது யார் வழக்கம்? நம் வழக்கம். வாசலுக்கு வாசல் பச்சைக் கொத்து கட்டுவது யார் வழக்கம்? குளிர் கொட்டும் கும்மிருட்டுக் காலத்தில், குறுகிய பகல் மறுபடி வளரத் தொடங்கும் நாளை, தோல்வியறியாச் சூரியனின் பிறந்த நாள் என்று குதிரைத் தேர் ஓட்டிக் கொண்டாடியது யார்? நாம். சாத்தர்ன் சாமி வானுலகிலிருந்து துரத்தப்பட்டு, படகில் வந்து இந்தக் கரையில் ஒதுங்கியபோது, கைகொடுத்துக் கரையேற்றியவர் என் பாட்டனுக்குப் பாட்டனுக்குப் பாட்டன். கரையேறிய சாமி கேட்ட முதல் உணவு என்ன தெரியுமா? நம் மீன்சாறு ஊற்றிய கூழ். சிரிக்காதீர்கள். எங்கள் குடும்பத்தில் இது எழுதப்படாத வரலாறு. எழுதாததால்தான் யாராலும் அழிக்க முடியவில்லை.

அந்தச் சூரியன் பிறந்த அதே நாளில்தான் தங்கள் ஆண்டவரும் பிறந்தார் என்று இவர்கள் இப்போது விளக்கேற்றத் தொடங்கியிருக்கிறார்கள். வேறு நாளே கிடைக்கவில்லையா? கைதட்டுகிறீர்கள். தட்டுங்கள், தட்டுங்கள். இன்னும் கொஞ்ச நேரம்தான் தட்டுவீர்கள்.

போன வாரம் மாப்பிள்ளை என்னைக் கூப்பிட்டார். "மச்சான், நீ அந்த விதவை சோசிமா வீட்டுக்குப் போய் ரெண்டு கண்ணாலயும் பாத்துட்டு வா. அங்கதான் அவங்க கூடுறாங்க. பாத்தத விட ஒரு படி கூடவே சொல்லு. அத ஒனக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்ல" என்றார்.

போனேன். சோசிமா யார் என்று உங்களுக்குத் தெரியும். கணவர் விட்டுப்போன சாயத்தொழிலை நடத்தும் வசதியான அம்மாள். துணி வாங்க வந்தவன் போல உள்ளே நுழைந்தேன். வாசலில் பச்சைக் கொத்து. மாடத்தில் மெழுகுத்திரி. பிள்ளைகள் கையில் மண்பொம்மை. ஆகா, அகப்பட்டுக்கொண்டாய் என்று மனத்துக்குள் முழங்கிக்கொண்டே, "என்னம்மா, யாருக்குப் பொறந்த நாள்?" என்று கேட்டேன்.

"எங்க ஆண்டவருக்குங்க. இன்னும் ரெண்டு வாரத்துல வருது."

"அன்னிக்கு சூரியனுக்கில்ல பொறந்த நாளு?"

"சூரியனுக்கு நீங்களா பிரசவம் பாத்தீங்க?"

நான் விடுவேனா? "சரி, ஒங்க ஆண்டவரு அன்னிக்குத்தான் பொறந்தாருன்னு யாரு சொன்னா? எங்க நாளத் திருடிட்டீங்கன்னு சங்கம் முறையிடப் போகுது."

"எங்க பெரியவங்க ஆளுக்கொரு கணக்கு போடுறாங்க. எனக்கு அதெல்லாம் பிடிபடாதுங்க. ஊரே வெளக்கு ஏத்துற நேரத்துல எங்க புள்ளைங்க மட்டும் இருட்டுல உக்காந்திருக்கணுமா? ஒங்க சூரியன் எங்க முத்தத்துலயும்தான் அடிக்குது. அதையும் திருடிட்டோம்னு எழுதிக் குடுப்பீங்களா?"

இதற்குப் பதில் எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் ஒன்று நினைவுக்கு வந்து நாக்கைப் பிடித்துக்கொண்டது. அந்தச் சூரிய சாமியையே நாம் சிரியா நாட்டிலிருந்துதானே இறக்கினோம். ரோமாபுரியில் பெரிய கோயிலும் கட்டி, நம்முடையவர் என்றும் சொல்லிக்கொண்டோம். நாம் வாங்கினால் பக்தி, அவர்கள் வாங்கினால் திருட்டா? போகட்டும். அது ஒன்றும் எனக்கு வெட்கமில்லை. வெட்கம் அடுத்த வாசலைத் தாண்டித்தான் இருந்தது.

அங்கே பந்தி. முழங்கை வரைக்கும் நீலம் ஏறிய சாயக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த வீட்டு அடிமைகளும் அதே பந்தியில் இருக்கிறார்கள். சோசிமா அம்மாள் பருப்புக்கஞ்சிப் பானையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஒவ்வொருவருக்காக ஊற்றிக்கொண்டு வருகிறார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "என்னம்மா, திருவிழாவுக்கு இன்னும் நாள் கெடக்கு. அதுக்குள்ளயே வேலக்காரங்களுக்குப் பரிமாற ஆரம்பிச்சிட்டீங்க?"

அவர் கரண்டியை நிறுத்தவில்லை. "திருவிழாவா? இல்லீங்களே. சாப்பாட்டு நேரம்" என்றார்.

பெரியோர்களே, எசமான் பரிமாற அடிமை சாப்பிடுவது யார் வழக்கம்? நம் வழக்கம். சாத்தர்ன் திருவிழாவின் சிகரமான வழக்கம். மெழுகுத்திரியைத் திருடினார்கள் என்றால் சிரிக்கலாம். பொம்மையைத் திருடினார்கள் என்றால் மன்னிக்கலாம். இதைத் திருடியவர்கள், திருவிழா முடிந்ததும் திருப்பி வைக்க மறந்துவிட்டார்கள். என் முழக்கம் அங்கேயே அறுந்தது.

உடனே அவர்கள் எல்லாரும் தேவர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களில் ஒருவன் விற்ற போர்வையைப் போர்த்தி நான் ஒரு மாதம் நீலமாகத் திரிந்தேன். சோசிமாவிடமும் அடிமைகள் உண்டு, அதையும் மறைக்கவில்லை. நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். என் வாழ்நாளில் ஒரு படி கூட்டாமல் நான் சொல்லும் முதல் செய்தி இதுதான்.

அந்தப் பந்தியின் கடைசியில் ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தாள். தல்லூசா.

"வாங்கய்யா. இன்னும் அந்தப் படகுக் கதையச் சொல்லிட்டுத்தான் திரியிறீங்களா?" என்றாள்.

"நீ பொழச்சிட்டியா, தல்லூசா?"

"ஆமாங்கய்யா. யாரையும் கேக்காம பொழச்சிட்டேன். மன்னிச்சுக்கங்க."

மாப்பிள்ளை, எழுந்திருக்காதீர்கள். "எறங்கு மச்சான், போதும்" என்கிறார் தலைவர். எல்லாரும் கேட்டீர்கள். இறங்க மாட்டேன். ஏன் தெரியுமா? இன்று திருவிழா. யாரும் யாரிடமும் எதையும் பேசலாம், அதற்காக யாரும் யாரையும் தண்டிக்கக் கூடாது என்பது சாமி போட்ட சட்டம். அந்தச் சட்டத்துக்குள் நின்றுகொண்டுதான் பேசுகிறேன். போன ஆண்டு அவளும் அதற்குள் நின்றுகொண்டுதான் பேசினாள்.

போன ஆண்டு இதே திருவிழா. தலைவர் வீட்டு விருந்து. சீட்டுப் போட்டதில் விழா ராஜாவாகத் தல்லூசா வந்தாள். தலைவர் கையில் தட்டு, அவள் தலையில் கிரீடம். உங்களில் பாதிப் பேர் அந்த விருந்தில் இருந்தீர்கள். "ராஜாவே, எங்கிட்ட என்ன கொறன்னு சொல்லு. என்ன வேணாலும் பேசு" என்று கேட்டார் மாப்பிள்ளை. அவள் தயங்கினாள். "பேசு, பேசு" என்று மேசையைத் தட்டியது யார்? நாம்.

அவள் சொன்னாள்: "ஐயா நல்லவருதாங்க. ஆனா அந்த நல்ல கொணத்த வெள்ளித் தட்டு மாதிரி வருசத்துக்கு ஒரு தடவதான் எடுத்துத் தொடைக்கிறாரு."

எப்படிச் சிரித்தோம். நான் சிரித்த சிரிப்பில் குடித்த தேன்மது மூக்கு வழியே வந்தது. மாப்பிள்ளையும் சிரித்தார். ஆனால் அவர் சிரித்தது வாய் மட்டும்.

திருவிழா முடிந்தது. அடித்தாரா? இல்லை. வைதாரா? இல்லை. அடுப்படியிலிருந்து அவளை எடுத்து, கடற்கரை உப்புத் தொட்டியில் மீன் குடல் எடுக்கும் வேலைக்குப் போட்டார். அவ்வளவுதான். குளிரில் உப்புநீர். கோடையில் இருமல். இலையுதிர் காலத்தில் காய்ச்சல். கடைசியில் ஒரு பாயோடு வாசலுக்கு வெளியே கிடத்தினார். "சாகட்டும்னா போட்டேன்? காத்து வாங்கட்டும்னுதான் போட்டேன்" என்கிறார் இன்று. காற்று நிறையவே வந்தது, மாப்பிள்ளை. மழையும் வந்தது. அந்தத் தெருவில் எத்தனை பேர் நடந்தோம். செருப்பு நனையாமல் சுற்றிக்கொண்டு போனவர்கள் யார் யார் என்று நான் பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் இந்த மண்டபம் காலியாகிவிடும். முதலில் மேடை காலியாகும்.

அந்தப் பாயைத் தூக்கியவர்கள் கிறிஸ்தவர்கள். வாயில் தண்ணீர் விட்டவர்கள் அவர்கள். வாந்தியைத் துடைத்தவர்கள் அவர்கள். ஊரெல்லாம் அவர்கள் பக்கம் போகிறதே, என்ன மந்திரம், என்ன மாயம் என்று இந்த மேடையில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம். மந்திரம் ஒன்றுமில்லை, ஐயா. தண்ணீர். ஒரு குவளைத் தண்ணீர். நம் வாசலில் கேட்டுக் கிடைக்காத தண்ணீர்.

"ஒன் எசமான் மேல கோவமா?" என்று கேட்டேன் அவளை.

"கோவமில்லீங்க. என்ன வேணாலும் பேசுன்னாங்க. திருவிழாவ நான் நம்பிட்டேன். அது ஏந் தப்புதானே."

தாய்மார்களே, ஒரு சமையற்காரி நம் சாமியின் சட்டத்தை நம்பினாள். இந்த மண்டபத்தில் அதை நம்பியவர் வேறு எவர்? சாமியை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு நாளுக்குக் கால் நூலை அவிழ்க்கிறோம். எட்டாம் நாள் மறுபடி கட்டுகிறோம். சாமியையே வருடம் முழுக்கக் கட்டிவைக்கிற கூட்டம், சமையற்காரியையா விடும்?

நோயாளி அடிமையை வெளியே போட்டால், பிழைத்தபின் அவள் விடுதலை பெற்றவள் என்று பழைய சட்டம் இருக்கிறது. மூத்தோர்களுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் அவள் ஓடிப்போனாள், கடத்தப்பட்டாள் என்றெல்லாம் புதுக்கதை கட்டுகிறோம். கதை கட்டுவது என் தொழில், ஐயா. என் தொழிலை இவ்வளவு கேவலமாகச் செய்பவர்களைப் பார்க்க எனக்கே கூசுகிறது.

இப்போது கை தூக்கும் நேரம். தல்லூசாவை இழுத்துவர வேண்டும் என்பவர்கள் தூக்கலாம். அதற்கு முன் ஒரே ஒரு வேண்டுகோள்.

நம் எல்லார் தலையிலும் இன்று என்ன இருக்கிறது? கம்பளித் தொப்பி. யார் அணியும் தொப்பி? விடுதலை பெற்ற அடிமை, விடுதலை பெற்ற அன்று அணியும் தொப்பி. திருவிழாவில் எல்லாரும் சமம் என்று காட்ட நாம் அதை ஏழு நாள் இரவல் வாங்கி அணிகிறோம். அவளுக்கு அது இரவல் இல்லை. சாவின் வாசல் வரைக்கும் போய் வாங்கிக்கொண்டு வந்தது. ஆகையால், கை தூக்குகிறவர்கள் முதலில் அந்தத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டுத் தூக்குங்கள். அதைத் தலையில் வைத்துக்கொண்டே இதற்குக் கை தூக்கினால், அந்த மூலையில் நிற்கும் சாமி முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்?

காத்திருக்கிறேன்.

தூணோரம் ஒருவரும் தொப்பியைத் தொடவில்லை. மூத்தோர் வரிசையில் ஒரு கை தலைக்குப் போனது; சொறிந்துகொண்டு இறங்கிவிட்டது. மாப்பிள்ளையின் கை தொப்பிக்குப் போகிறது. போன கை அங்கேயே நிற்கிறது. ஹெரேனியா, நீ ஏன் அம்மா எழுந்து நிற்கிறாய்? என்னை முறைப்பதை விட்டுவிட்டாளே. அவரைப் பார்க்கிறாள்.

கை இறங்கிவிட்டது. தொப்பி தலையிலேயே இருக்கிறது.

இருக்கட்டும் மாப்பிள்ளை. உங்களுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. எட்டாம் நாள் என்னிடம் கணக்குத் தீர்க்க நினைத்தால், உப்புத் தொட்டி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும், நானே போய் இறங்கிக்கொள்கிறேன்.

முழங்க அழைத்து, முணுமுணுக்கக் கேட்டுப் பொறுத்த தலைவருக்கு நன்றி. தூக்காத கைகளுக்கெல்லாம் நன்றி. தங்கச்சி, உனக்குத் தனி நன்றி. விழா முடிந்ததும் சாமி காலில் நூல் கட்ட வழக்கம்போல என்னைக் கூப்பிடாதீர்கள். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வணக்கம்.