பதுவையில் எரிந்த மூன்று மெழுகுதிரி

இவோன்: சிவப்பு லைட்! சிவப்பு லைட்! பிரேக்கை அமத்துங்கோ. கோவத்தைக் குமாரசாமியில காட்டியிருக்கலாம், காரில காட்டாதேங்கோ.

நோபேட்: எனக்கென்ன கோவம்? மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டினம். சாப்பிட்டம். மகள் நிருஜாவின்ர படம் காட்டிச்சினம். பாத்தம். சந்தோசமா வீட்டை போறன்.

இவோன்: உங்கட சந்தோசத்தை ஸ்டியரிங் பிடிச்ச பிடியிலயே பாக்கிறன்.

நோபேட்: இத்தாலிக்குப் படிக்கப் போன பிள்ளையெண்டுதானே சொல்லினம்? அத்தினை படத்தில ஒரு புத்தகத்தைக் கண்டனீரோ?

இவோன்: ஒண்டில கண்டனான். விரிச்சு வைச்சுக்கொண்டு இருந்தாள்.

நோபேட்: அது மெனு.

இவோன்: கிழமை நாளில யூனிவசிட்டியாம். சனியும் ஞாயிறும்தான் சிநேகிதரோட ரயிலேறுறதாம். தாய் தமயந்தி சொன்னவள்.

நோபேட்: அப்ப யூனிவசிட்டியில நிக்கிற படம் எங்க? கிழமை நாளில கமராவுக்கு லீவோ?

இவோன்: எண்டாலும்... அந்தத் தண்ணிக்குள்ள நிக்கிற ஊர் வடிவுதான்.

நோபேட்: வெனிஸ். என்ன வடிவு? வாசல் மட்டும் தண்ணி. பெருமழைக்கு எங்கட தகனினியிலயும்தான் வாசல் மட்டும் தண்ணி நிண்டது. நாங்கள் இன்சூரன்சுக்குப் போன் அடிச்சம். அவங்கள் டிக்கெட் விக்கிறாங்கள்.

இவோன்: பிளாரன்ஸ்ல அந்தப் பெரிய கோயில்...

நோபேட்: பிளாரன்ஸ் எண்டு சொல்லாதேயும், குமாரசாமி திருத்துவான். ‘ஃபிரென்ஸே, நோபேட், ஃபிரென்ஸே!’ பிளாட் புஷ்ஷை விட்டு வெளிக்கிட்டா ஹமில்டனைத் தாண்டாத மனுசன். அதுவும் ஆரின்ரயோ சாமத்திய வீட்டுக்குப் போனது.

இவோன்: அந்தச் சரிஞ்ச கோபுரத்தை நிருஜா கையால தாங்கிப் பிடிக்கிற படத்துக்கு என்ன கைதட்டு!

நோபேட்: சரிஞ்ச கட்டிடமெண்டா எங்கட கவுன்சில் நோட்டீஸ் ஒட்டி மூடியிருக்கும். அங்க தகப்பன் எழும்பி நிண்டு கேக்கிறான், ‘எப்பிடி எங்கட பிள்ளையின்ர பலம்?’ எண்டு.

இவோன்: அந்தக் கோப்பி...

நோபேட்: கோப்பியோ அது? கண்ணுக்கு விடுற மருந்தாக்கும் எண்டு நினைச்சன். ‘ஒரே மடக்கில குடிக்கவேணும்.’ அரை மடக்குக்கு மேல அதில இருந்தாத்தானே!

இவோன்: நான் பாத்ரூமுக்கெண்டு எழும்பினனான். தமயந்தி சொல்றாள், ‘போட்டு வாங்கோ இவோனக்கா, நிப்பாட்டி வைக்கிறம், நீங்கள் ஒரு படமும் விடக்கூடாது’ எண்டு. போகேக்க டிவியில நிருஜா வாயைப் பிளந்துகொண்டு பீட்சாவோட நிண்டாள். திரும்பி வந்து பாக்கிறன், பிளந்தபடியே நிக்கிறாள்.

நோபேட்: அந்தச் சுருட்டை மயிர்ப் பொடியன் ஆர்?

இவோன்: கூடப் படிக்கிறவன். ஸ்பெயின் பெட்டை ஒருத்தி, கொரியாப் பெட்டை ஒருத்தி, அவன் போலந்தோ என்னவோ. நாலு பேரும்தான் எல்லா இடமும் போறது.

நோபேட்: குமாரசாமி கவனமா வெட்டி எடுத்திருக்கிறான். ரோமில ஒரு தோள். வெரோனாவில ஒரு காது. அந்தப் பொடியனை முழுசாப் பொருத்திப் பாக்க இன்னும் ரெண்டு ஊர் போகவேணும்.

இவோன்: மெல்லக் கதையுங்கோ. பின்சீட்டில ஜனுஷா.

நோபேட்: அவள் ஏறேக்கையே காதை அடைச்சிட்டாள். பாட்டுக் கேட்டபடி நித்திரை. கண்ணாடியில தெரியுது.

இவோன்: பாவம். அங்க ஒரு சொல்லுக் கதைக்கேல்ல. ஒரே வகுப்பு, ரெண்டு பேரையும்தானே தெரிவு செய்தது. அவள் சனி ஞாயிறெண்டா ரோம், வெனிஸ். எங்கட பிள்ளைக்குச் சனி உங்கட புல்லு வெட்டுற சத்தம், ஞாயிறு பூசை, பூசை முடிய ஒடாஹுஹுவில மீன்.

நோபேட்: மீனுக்கென்ன குறை? நல்ல மீன்.

இவோன்: அந்தப் பாஸ்போட் மட்டும் தொலையாட்டி...

நோபேட்: ம்.

இவோன்: புதுசுக்கு விண்ணப்பிச்சிருந்தா டக்கெண்டு வந்திருக்கும்.

நோபேட்: திரும்பவும் தொடங்காதேயும். நான் ஆர்? ஆக்லாந்து அந்தோனியார் திருநாள் குழுத் தலைவர். தொலைஞ்சதைக் கண்டுபிடிச்சுத் தாற புனிதருக்கு வருசா வருசம் கொடியேத்திறவன். நானே போய் அரசாங்கத்திட்ட ‘தொலைஞ்சு போச்சு’ எண்டு எழுதிக் குடுத்தா, அவரில எனக்கே நம்பிக்கையில்லையெண்டு சனம் சிரிக்காதோ?

இவோன்: சனம் சிரிக்கேல்ல. நாங்கள்தான் பதின்மூண்டு செவ்வாய் முழந்தாளில நிண்டம். கடைசிச் செவ்வாய் முடிய விசாத் திகதியும் முடிஞ்சுது.

நோபேட்: அவருக்கு அவற்ற நேரம் இருக்கு... அதை விடும். எனக்கு வயித்தெரிச்சல் வெனிசுமில்லை, ரோமுமில்லை. பதுவை! எங்கட அந்தோனியார் அடங்கின ஊர். அவற்ற கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில ஆர் அறை எடுத்து இருக்கிறது? முருகனுக்குக் காவடி எடுக்கிற குமாரசாமியின்ர பிள்ளை!

இவோன்: அந்தோனியார் எல்லாருக்கும் பொது. யாழ்ப்பாணத்தில செவ்வாய்க்கிழமை முன் வரிசையில நிக்கிறதே சைவச் சனம்தானே.

நோபேட்: நிக்கட்டும். அதுக்காக பதுவையிலயிருந்து செபமாலை ஒண்டைத் தபால்ல எடுப்பிச்சு, என்ர கையில, எனக்கே தந்து, ‘இது ஒறிஜினல், நோபேட்’ எண்டு சொல்றதோ? அப்ப இவ்வளவு காலமும் நான் உருட்டினது டூப்ளிகேட்டோ?

இவோன்: அந்த மெழுகுதிரிப் படம் வரேக்க நீங்கள் ஏன் சீலிங்கைப் பாத்தனீங்கள்?

நோபேட்: எந்த மெழுகுதிரி?

இவோன்: அந்தோனியார் கோயில்ல நிருஜா கொளுத்தின மூண்டு மெழுகுதிரி. ‘ஆக்லாந்தில மூண்டு பேர் பிள்ளையிட்ட போன் எடுத்துக் கேட்டவை, ஆரெண்டு சொல்லமாட்டாள், என்ன கருத்துக்கு நேந்தவையெண்டு அவளுக்கே தெரியாது’ எண்டு குமாரசாமி சொல்லேக்க.

நோபேட்: கோயிலுக்குள்ள படம் எடுக்கக்கூடாது. அந்தக் கவலையில பாத்தனான். அது சரி, நீர் ஏன் அந்த நேரம் பாத்து குசினிக்கை போனனீர்?

இவோன்: தண்ணி குடிக்க.

நோபேட்: மூண்டு பேர்... ஆராயிருக்கும்?

இவோன்: ஆரோ வெக்கங்கெட்ட சனம். படிக்கிற பிள்ளைக்குப் போய்க் கரைச்சல் குடுக்குதுகள்.

நோபேட்: ஓம். வெக்கங்கெட்டதுகள்.

இவோன்: போன மாதம் கராஜ் கதவைச் சாத்திப்போட்டு, ஆரோட ‘மகள், மகள்’ எண்டு கதைச்சனீங்கள்? எங்கட மகள் மேல மாடியில இருந்தவள்.

நோபேட்: ...சரி. ஒண்டு என்ர.

இவோன்: என்ன கருத்துக்கு?

நோபேட்: கருத்தைச் சொன்னாப் பலிக்காது.

இவோன்: சொல்லுங்கோப்பா.

நோபேட்: மழைக்கு.

இவோன்: இஞ்ச பெய்யிற மழை காணாதோ?

நோபேட்: இத்தாலிக்கு. சனி ஞாயிறு மட்டும். கிழமை நாளில வேண்டாம், பிள்ளை படிக்கவேணும். நான் கெடுதலா ஒண்டும் கேக்கேல்ல.

இவோன்: அட பாவி மனுசா! அவள் நனையிறதுக்கு அவளின்ர கையாலயே மெழுகுதிரி கொளுத்துவிச்சனீங்களோ?

நோபேட்: பலிச்சுதே! வெனிசில பிளாஸ்டிக் கோட்டுக்குள்ள நனைஞ்ச கோழி மாதிரி நிண்டாள், கண்டனீர்தானே? இண்டைக்கு நான் மனமார ரசிச்சது அந்த ஒரு படம்தான். சரி, இப்ப உம்மட கருத்தைச் சொல்லும்.

இவோன்: எனக்கென்ன கருத்து?

நோபேட்: வீட்டிலயே தண்ணிக்கு நீர் எழும்பிறேல்ல, நான்தான் கொண்டுவந்து தாறது. பிளாட் புஷ்ஷில மட்டும் குசினி தெரிஞ்சுதோ?

இவோன்: ...ஒண்டு என்ர.

நோபேட்: தெரியும்!

இவோன்: பெரிசா ஒண்டுமில்லை. எங்கட வீட்டு டிவியில எங்கட ஜனுஷாவின்ர படம் ஓடவேணும். ரோம், வெனிஸ், உங்கட ஃபிரென்ஸே, எல்லாம். தமயந்தி சோபாவில நடுவில இருக்கவேணும். அவள் பாத்ரூமுக்கு எழும்பினா, நான் நிப்பாட்டி வைக்கவேணும்.

நோபேட்: அப்ப உமக்கு அவளை அனுப்ப விருப்பமோ?

இவோன்: இப்ப விருப்பம். உங்களுக்கு?

நோபேட்: அடுத்த முறைக்கும் ஆள் எடுக்கினமாம். நான் அந்தச் சோபாவில இருந்தே யோசிச்சிட்டன். கராஜை ஒதுக்கி, ப்ரொஜெக்டர் பூட்டுவம். குமாரசாமிக்கு டிவியெண்டா எங்களுக்கு முழுச் சுவர்.

இவோன்: பாஸ்போட் இல்லாமலோ?

நோபேட்: அது கிடைக்கும்.

இவோன்: எப்ப?

நோபேட்: வாற செவ்வாய்.

இவோன்: அதென்ன, நாள் குறிச்சு வைச்ச மாதிரி?

நோபேட்: விசுவாசம்.

இவோன்: விசுவாசமோ... இல்லாட்டி எங்கட வீட்டு அந்தோனியார் சுரூபத்துக்குக் கீழயோ? றோட்டைப் பாருங்கோ.

நோபேட்: உமக்கு எப்பிடித் தெரியும்?

இவோன்: சனிக்கிழமையெண்டா அந்தோனியார் சுரூபத்தைத் தூக்கித் தூசு தட்டுறது ஆர்? குழுத் தலைவரோ?

நோபேட்: எப்ப கண்டனீர்?

இவோன்: ரெண்டாம் செவ்வாய்க்கு முன்னமே.

நோபேட்: தெரிஞ்சுகொண்டோ மிச்சச் செவ்வாயெல்லாம் எனக்குப் பக்கத்தில முழந்தாளில நிண்டனீர்?

இவோன்: நீங்கள் அவற்ற காலுக்குக் கீழ ஒளிச்சு வைச்சிட்டு, ‘கோடி அற்புதரே, கண்டுபிடிச்சுத் தாரும்’ எண்டு கண்ணீர் விட்டுக் கேட்டனீங்கள். அதைவிடவோ? மனுசன் அசையாமல் நிண்டார். நானெண்டா குனிஞ்சு எடுத்துத் தலையில போட்டிருப்பன்.

நோபேட்: அப்ப நீர் ஏன் எடுத்துக் குடுக்கேல்ல?

இவோன்: எடுத்தனான். துடைச்சனான்... திருப்பி வைச்சிட்டன்.

நோபேட்: ஏன்?

இவோன்: மூத்தவன் கிரிஷான் மெல்பேர்னுக்குப் போனான். ஞாயிற்றுக்கிழமையில ஒரு போன், அதுவும் காரோடிக்கொண்டு. இவளும் போனா அரிசி எத்தினை சுண்டு போடுறது? நீங்களும் நானும் ஆளையாள் பாத்துக்கொண்டு...

நோபேட்: எனக்கும் அதுதான் இவோன். வேற ஒண்டுமில்லை. அவளின்ர அறையில லைட் எரியாட்டி எனக்கு வீட்டுக்குள்ள கால் வைக்க ஏலாது.

இவோன்: அப்ப இப்ப மட்டும் ஏலுமோ?

நோபேட்: இப்ப குமாரசாமி இருக்கிறானே.

இவோன்: ...ஓம். தமயந்தியும்.

நோபேட்: அதுதான் சொல்றன். செவ்வாய் செபம் சொல்லுவம். முடிய, சுரூபத்துக்குப் பூமாலை போடுற மாதிரித் தூக்குவன். கீழ பாஸ்போட்! நீர் ‘யேசுவே!’ எண்டு கத்தும்.

இவோன்: நான் கத்தமாட்டன்.

நோபேட்: சரி, நான் கத்துறன். திருநாளுக்கு மேடையில சாட்சியும் சொல்லுவன். குமாரசாமியை முன் வரிசையில இருத்தவேணும். பதுவையில பிள்ளை இருந்தென்ன, அற்புதம் நடந்தது தகனினியிலதானே?

இவோன்: அந்தோனியார் பாவம். செய்யாததுக்கும் அவற்ற தலையில.

நோபேட்: கோடி செய்தவருக்கு இன்னொண்டு பாரமோ?

இவோன்: ஜனுஷாவுக்கு என்ன சொல்றது?

நோபேட்: அதையேதான். அற்புதம் எண்டுதான். பிள்ளைக்கு விசுவாசமும் கூடும்.

ஜனுஷா: அப்பா, தகனினி எக்சிட் தாண்டிப் போட்டுது.

இவோன்: யேசுவே!

நோபேட்: நீ... நீ எப்ப முழிச்சனி?

ஜனுஷா: நித்திரை கொள்ளவே இல்லை. இயர்பட்ஸ் அங்கிள் வீட்டிலயே சார்ஜ் முடிஞ்சுது. வெனிஸ் டே டூவில.

நோபேட்: பிள்ளை, அது... அப்பாவும் அம்மாவும் சும்மா பகிடிக்கு...

ஜனுஷா: மழை குட் ஐடியா அப்பா. எனக்கு அது யோசனை வரேல்ல. அவளின்ர ஒவ்வொரு ஸ்டோரியையும் பாத்துப்போட்டு நான் போனைத்தான் எறிஞ்சனான். ஸ்க்ரீன் உடைஞ்சது அப்பிடித்தான். பாத்ரூமில விழேல்ல.

இவோன்: ஏன் பிள்ளை இங்கிலீசை விட்டிட்டுத் தமிழில கதைக்கிறாய்? பயமாக் கிடக்கு.

ஜனுஷா: உங்கள் ரெண்டு பேருக்கும் வடிவா விளங்கவேணும். செவ்வாய்க்கிழமை சுரூபத்தைத் தூக்கவேண்டாம், அப்பா.

நோபேட்: ஏன்?

ஜனுஷா: கீழ இருக்கிறது என்ர பழைய பாஸ்போட். சின்னப் பிள்ளையில எடுத்தது, முன்பல் இல்லாத படம். மேடையில காட்டினா அங்கிள் சிரிப்பார்.

இவோன்: நான் நேற்றும் துடைச்சு வைச்சனானே!

ஜனுஷா: நீங்கள் திறந்து பாக்கிறேல்ல அம்மா. ஈஸ்டருக்குப் பூ வைக்கத் தூக்கினனான், கண்டனான், மாத்தி வைச்சனான்.

நோபேட்: அப்ப... சரியான பாஸ்போட் எங்க?

ஜனுஷா: விசாவுக்கு அனுப்பிப்போட்டன். செப்டெம்பர் செமெஸ்டருக்கு என்னைத் திரும்ப எடுத்திட்டினம். நிருஜா விடுற அதே அறைக்குத்தான் போறன்.

நோபேட்: எங்களிட்ட ஒரு சொல்லுச் சொல்லாமலோ?

ஜனுஷா: கருத்தைச் சொன்னாப் பலிக்காதெண்டு நீங்கள்தானே சொல்றனீங்கள்?

இவோன்: அப்ப பிள்ளை... அந்த மூண்டாவது மெழுகுதிரி?

ஜனுஷா: அது என்ர. நான் ஒண்டும் கேக்கேல்ல, அம்மா. தொலைஞ்சதைக் கண்டுபிடிச்சுத் தந்தவருக்கு, வீட்டில ஆராவது ஒராள் தாங்க் யூ சொல்லவேணும்தானே?