இட்லிக்கு மை வைத்தவள்

இரவு பதினொன்றரை மணி இருக்கும். நெமிலிச்சேரி ஸ்டேஷனிலிருந்து வெளிவட்டச் சாலைப் பக்கம் போகிற சர்வீஸ் ரோடு. இடது கை ஓரம் வேலி போட்ட காலி மனைகள். வலது கை ஓரம், மேட்டில், கண்டெய்னர் லாரிகள் போகிற பெரிய சாலை. கீழே கம்பம் விட்டுக் கம்பம்தான் விளக்கு எரியும். கடைசி ரயிலில் வந்தவர்கள் வேகமாக நடந்து போய்விடுவார்கள். அதற்கப்புறம் அந்த ரோட்டில் யாரும் இல்லை...

யாரும் இல்லாத ரோட்டில் ஒரு பெண்குரல் கேட்கும்.

"இட்லி... இட்லீ... வாடா..."

சிரிக்காதீர்கள். முதலில் எல்லாரும் சிரித்தவர்கள்தான்.

நம் கிருபாகரன் இருக்கிறானே, அவனுடைய சித்தி மகன் பிரசன்னாவுக்கு நடந்தது இது. கிருபா ஒரே ஒரு தடவைதான் சொன்னான். மறுபடி கேட்டால் எழுந்து போய்விடுகிறான். ராதிகா, அந்த மாடிக் கதவைச் சாத்திவிட்டு இப்படி நெருங்கி உட்கார். பக்கத்தில் ஆள் இருப்பது நல்லது.

இட்லி என்பது ஒரு பூனை. கலப்பில்லாத வெள்ளை. பிரசன்னாவின் மனைவி பவ்யா, மழை பெய்த ஒரு ராத்திரி, கார் பார்க்கிங்கில் நனைந்து கிடந்ததைத் துப்பட்டாவில் சுற்றித் தூக்கிவந்தாள். இரண்டு பேருக்கும் ஐ.டி. வேலை. சேலத்திலிருந்து வந்தவர்கள். நெமிலிச்சேரியில் முதல் மாடி ஃபிளாட். குழந்தை இல்லை. பூனை வந்த பிறகு அந்தப் பேச்சும் வீட்டில் இல்லை.

இட்லியை அடைத்துவைத்தால் விடிய விடியக் கத்தும். திறந்துவிட்டால் பால்கனியிலிருந்து சன்ஷேடு, சன்ஷேடிலிருந்து மதில், மதிலிலிருந்து ரோடு. பவ்யாவுக்கு அதை அடைக்கவும் மனசு வராது, விட்டுவிட்டுத் தூங்கவும் வராது. ரோட்டில் நாய். காலி மனையில் பாம்பு. மேட்டில் லாரி. பூனை திரும்பி வரும்வரை பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். வர நேரமானால் கீழே இறங்கிப் போய்க் கூப்பிடுவாள்.

வாட்ச்மேன் வேம்புலி கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். "இன்னா மேடம், நட்ட நடு ராத்திரில இட்லி கேக்குறீங்க? கடையெல்லாம் சாத்திட்டான்" என்பார். பவ்யாவும் சிரிப்பாள். "சட்னி நீங்க வச்சிருக்கீங்களாண்ணே?" என்று கேட்டுவிட்டுப் போவாள்.

இன்னொரு பழக்கமும் அவளுக்கு உண்டு. பூனையை வெளியே விடுவதற்கு முன்னால் மடியில் போட்டுக்கொண்டு, கண்மை டப்பியைத் திறந்து, கட்டை விரலால் நெற்றியில் ஒரு பொட்டு. கைக்குழந்தைக்கு வைக்கிற திருஷ்டிப் பொட்டுதான். பிறகு பின்னங்காலைத் தூக்கி, இடது பாதத்தின் அடியில் இன்னொன்று. இட்லி வேறு யாருக்கும் காலைக் கொடுக்காது. அவளுக்குக் கொடுக்கும்.

"இவ்ளோ வெள்ளையா இருக்கான். ஊர்க் கண்ணெல்லாம் இவன் மேலதான்."

"எனக்கு ஒரு நாளாவது வச்சிருக்கியா?" என்று பிரசன்னா கேட்டான்.

"உன்ன யாருடா கண்ணு வைக்கப் போறா?"

விளையாட்டுப் பேச்சுதான். ஆனால் அது அவனுக்குள் ஒரு முள் மாதிரி நின்றுவிட்டது. ஆபீஸ் முடிந்து வருகிறவன் சாப்பிட்டானா என்று கேட்பதற்கு முன்னால் பூனை வந்ததா என்று கேட்கிற வீடு அது.

ஒரு ராத்திரி அமெரிக்காக்காரர்களோடு மீட்டிங். காதில் ஹெட்போன். பவ்யா எதிரே வந்து நின்று, கையை ஆட்டி, இட்லி இன்னும் வரவில்லை என்றாள். அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், வரும் என்று தலையை ஆட்டினான். அவள் இறங்கிப் போனாள். மீட்டிங் முடிந்து ஹெட்போனைக் கழற்றியபோதுதான் வேம்புலி கதவை இடிப்பது கேட்டது. சர்வீஸ் ரோட்டில் எரியாத கம்பத்துக்குக் கீழே பவ்யா கிடந்தாள். எந்த வண்டி என்று இன்றுவரை தெரியாது.

ஆஸ்பத்திரியிலிருந்து விடிந்து வந்தபோது இட்லி சோபாவில் படுத்திருந்தது. உடம்பில் ஒரு கீறல் இல்லை. நெற்றியில் மை கலையாமல் இருந்தது.

காரியம் முடிந்தது. பவ்யாவின் அம்மா மகளுடைய துணிமணி, வளையல், மை டப்பி எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு சேலத்துக்கு எடுத்துக்கொண்டு போனாள். பூனையை மட்டும் விட்டுப் போனாள். பிரசன்னா அழவில்லை. வேலைக்குப் போனான். ஆனால் தினமும் படுக்கும்போது, இன்றைக்காவது கனவில் வருவாள் என்று காத்திருந்தான். செத்தவர்கள் கனவில் வருவார்கள் என்றுதானே எல்லாரும் சொல்கிறார்கள்? அவள் அம்மாவுக்கு வந்தாளாம். ஆபீஸ் தோழிக்குக்கூட வந்தாளாம். அவனுக்கு வரவில்லை.

ராத்திரியானால் பால்கனிக் கதவைத் திறந்து இட்லியை விடுவான். பாசத்தால் இல்லை. திரும்பி வராவிட்டால் போகட்டும் என்றுதான்.

அது திரும்பி வந்துகொண்டே இருந்தது.

ஒருநாள் காலையில் காபி குடித்துக்கொண்டே பார்த்தான்... பூனையின் நெற்றியில் பொட்டு. விரலால் தொட்டான். கறுப்பாக ஒட்டிக்கொண்டது. ஈரம். யாரோ இப்போதுதான் வைத்த மாதிரி. முகர்ந்து பார்த்தான். நீலகிரித் தைலம். பவ்யாவுக்கு ஓயாத தலைவலி. அவள் விரலில் எப்போதும் அந்த வாசனைதான்.

அவனுக்கு முதலில் பயம் வரவில்லை. ஆத்திரம் வந்தது. எவளோ ஒருத்தி நம் பூனையைக் கொஞ்சுகிறாள் என்று நினைத்தான். பின்தெருவில் எருமை வைத்திருக்கிற வரலட்சுமி வீட்டுக்கு நேராகப் போனான். பழைய கிராமத்துக் குடும்பம். இட்லி அங்கே பாலுக்குப் போய் நிற்பது உண்டு.

"எங்க பூனைக்கு நீங்கதான் மை வைக்கிறீங்களா?"

வரலட்சுமி சாணிக் கையோடு இடுப்பில் கைவைத்துச் சிரித்தாள். "இன்னா சார் சொல்ற? நான் பெத்ததுக்கே மை வெக்க நேரம் இல்லாம கீறேன். உம்பூனைக்கு வந்து வெக்கப் போறனா?"

அவன் திரும்பினான். அவள் பின்னாலிருந்து மெதுவாகக் கூப்பிட்டாள். சிரிப்பு போயிருந்தது.

"சார்... அத்த நான் பாத்துகீறேன். எரியாத கம்பத்தாண்ட குந்திகினு இருக்கும். முதுக வளைச்சி வளைச்சிக் குடுக்கும். யாரோ தடவுறாப்ல. ஆனா ஆளு கெடையாது சார்."

வீட்டுக்கு வந்தான். இட்லியைப் பிடித்தான். அது கீறியது. கையில் ரத்தம் வந்தது. விடாமல் அமுக்கி, இடது பின்னங்காலைத் தூக்கிப் பார்த்தான்.

பாதத்தின் அடியிலும் பொட்டு இருந்தது.

அந்தப் பொட்டைப் பற்றி உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவன் அவன்.

இப்போது நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? பூசாரியைக் கூப்பிடுவீர்கள். வீட்டைக் காலி செய்வீர்கள். பிரசன்னாவுக்கு அதெல்லாம் தோன்றவே இல்லை. அவன் மனசில் ஒன்றுதான் ஓடியது. வருகிறாள். தினமும் வருகிறாள். வீட்டுக்கு நூறு அடி தள்ளி வந்து நிற்கிறாள். எனக்கு ஒரு கனவு கூட இல்லை... இந்தப் பூனைக்கு விரலே கிடைக்கிறது.

அன்று ராத்திரி மதிலுக்கு இந்தப்பக்கம் நின்று பார்த்தான். இட்லி கம்பத்தடியில் போய் உட்கார்ந்தது. காத்திருந்தது. கொஞ்ச நேரத்தில் வாலைத் தூக்கி எழுந்தது. காற்றில் தலையைத் தேய்த்தது. தலையில் முடி அப்படியே அமுங்கியது... விரல் போகிற தடம் தெரிந்தது. பிறகு மல்லாந்து படுத்து, பின்னங்காலைத் தானாகவே நீட்டியது.

அவன் ஓடினான். அவன் போய்ச் சேர்வதற்குள் பூனை மட்டும்தான் இருந்தது. தைல வாசனை இருந்தது. அவன் கையைக் காற்றில் துழாவினான். ஒன்றும் படவில்லை.

மறுநாள் ராத்திரி இட்லியை வெளியே விடவில்லை. படுக்கையறையில் போட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டான். பூனை வராவிட்டால் அவளுக்கு இருப்புக் கொள்ளாது. தேடுவாள். தேடி வருகிற வழியில் நாம் நிற்போம்... இதுதான் அவன் கணக்கு. பூனை கதவுக்குப் பின்னால் குழந்தை மாதிரி அழுதது. அவன் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினான்.

கேட்டில் வேம்புலி எழுந்து நின்றார். "எங்க சார் போறீங்க? அந்தக் கம்பத்தாண்ட வாணாம் சார்."

"ஏன்?"

"கூப்புடுது சார், மேடம். எனக்கு ரெண்டு காதும் நல்லாத்தான் கேக்குது. அதான் சேரைத் தூக்கி உள்ள போட்டுகினேன்."

"உங்க காதுல கூட விழுதா?" என்றான் பிரசன்னா. வேம்புலி அந்த முகத்தைப் பார்த்துவிட்டு வழிவிட்டார். அது பயந்த முகமாக இல்லை என்று கிருபாவிடம் பின்னால் சொல்லியிருக்கிறார்.

கம்பத்தடியில் நின்றான். மேட்டில் லாரிகள் போயின. பிறகு அதுவும் நின்றது. தவளைச் சத்தம்... அதுவும் சட்டென்று நின்றது.

"இட்லி..."

காலி மனைக்குள்ளிருந்து வந்தது குரல். பதற்றமாக. பழைய பதற்றமேதான்.

"இட்லீ... எங்கடா இருக்க?"

"பவ்யா" என்றான். குரல் அவனைத் தாண்டிப் போனது. தைல வாசனை மூக்கில் அடித்தது. "பவ்யா, நான்தான்டி. பிரசன்னா." நிற்கவில்லை. அவன் அங்கே நிற்பதே அவளுக்குத் தெரியவில்லை. குரல் மேட்டைப் பார்த்துப் போனது. லாரி ரோட்டைப் பார்த்து. "இட்லீ..." தூரமாக. இன்னும் தூரமாக... இனிமேல் கேட்காது என்கிற அளவுக்குத் தூரமாக.

அப்போதுதான் அவன் அதைச் செய்தான்.

ரோட்டில் குனிந்தான். இரண்டு கையையும் தாரில் ஊன்றினான். வாயைத் திறந்து, பூனை மாதிரிக் குரல் கொடுத்தான்.

சிரிக்காதீர்கள் என்று சொன்னேனே.

குரல் நின்றது. திரும்பியது. வேக வேகமாக அருகில் வந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். தலையில் ஒரு கை விழுந்தது. கிணற்றுத் தண்ணீர் மாதிரிக் குளிர்ச்சி. முடிக்குள் விரல் போனது. ஒரு கட்டை விரல் அவன் நெற்றியில் அழுந்தியது. பிறகு இடது காலைத் தூக்கி, செருப்பை உருவியது.

"எங்கடா போயிட்ட? உசுரே போயிடுச்சு எனக்கு" என்றாள் காதுக்குள். "வீட்டுக்குப் போ. அவன் மீட்டிங்ல இருப்பான். கதவ சத்தமா தட்டாத."

அதற்குப் பிறகு ஒரு மாதம் கழித்துத்தான் கிருபா அங்கே தங்கப் போனான். சித்திதான் அனுப்பினாள். போனில் அவன் பேசுவதே இல்லை, ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வா என்று. போனால், பிரசன்னா நன்றாகவே இருந்தான். உடம்பு தேறியிருந்தது. முகத்தில் தெளிவு. ராத்திரி சோறு மட்டும் சாப்பிடவில்லை. பால் குடித்தான். பதினொரு மணிக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு, வெறுங்காலோடு வெளியே போனான்.

இட்லி போகவில்லை. பால்கனி திறந்துதான் கிடந்தது. அது கம்பிக்கு இந்தப்பக்கம் உட்கார்ந்து ரோட்டையே பார்த்தது. அசையவில்லை. தொண்டைக்குள் ஓயாமல் ஒரு உறுமல். அது கவலையா பொறாமையா என்று தெரியவில்லை என்றான் கிருபா. விடிய விடிய அதுவும் தூங்கவில்லை, அவனும் தூங்கவில்லை.

நாலு மணி வாக்கில் பூனையின் உறுமல் நின்றது. காதை வாசல் பக்கம் திருப்பியது. மாடிப்படியில் காலடிச் சத்தமே இல்லை. வாசல் கதவின் அடியில், தரைக்குப் பக்கத்தில், ஏதோ பிறாண்டியது. மெதுவாக. யாரையும் எழுப்பக் கூடாது என்கிற மாதிரி.

கிருபா கதவைத் திறந்தான். எதிரே யாரும் இல்லை.

பிறகு கீழே பார்த்தான்.

இரண்டு கையையும் தரையில் ஊன்றியிருந்த பிரசன்னாவின் தொங்கிய சட்டைப் பையிலிருந்து வீட்டுச் சாவி பாதி வெளியே ஆடிக்கொண்டிருந்தது.